காணாமல் போன கால்

டாக்டர் அருளப்பன் தாலுகா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தே தலை நரைத்தவர். பிள்ளைகளுக்கு நரம்பருகே ஊசி போட்டு, ஆபரேஷன் செய்யும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வித்தையைக் கற்க ஆசைப்பட்டார். தன்னைவிட இளையவரான டாக்டர் பர்வீனிடம் வந்து சேர்ந்தார்.

அன்று மேசையில் மயக்கத்தில் கிடந்தவள் மூன்று வயது மகிழினி. வளைந்த பாதத்தை நேராக்கும் ஆபரேஷன்.

“தூங்கிட்டுதானே இருக்கா மேடம்? காலுக்குத் தனியா எதுக்கு ஊசி?”

“தூக்கம் கலையும் சார்.”

“கலைஞ்சா அழுவா. குழந்தைன்னா அழத்தானே செய்யும்? நான் பார்க்காத அழுகையா?”

பர்வீன் ஊசியை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கேன் கருவியை முழங்காலுக்குப் பின்னால் வைத்தார்.

திரையில் ஒரே சாம்பல் புகை. அதன் நடுவே, தேனடையை நறுக்கி வைத்தது போல் சின்னதாய் ஒரு வட்டம் மின்னியது.

“அதான் நரம்பு. தொட வேண்டாம். பக்கத்துல போனாப் போதும்.”

இத்தனை காலத்தில் உயிருள்ள நரம்பை அருளப்பன் இப்படிக் கண்டதில்லை. ஊசி முனை மெல்ல நகர்ந்து நின்றது. மருந்து கறுப்பாய்ப் பரவி வட்டத்தைச் சூழ்ந்தது. நரம்பு அதில் மிதந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் தாய் செல்வராணியை உள்ளே அழைத்தார்கள். மற்றப் பாதத்துக்கு முன்பு வேறோர் ஊரில் ஆபரேஷன் நடந்தபோது மகள் கதறிய கதறல் இன்னும் அவள் காதில் இருந்தது. கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, வரப்போகும் அலறலுக்குத் தயாராக நின்றாள். அருளப்பனும் அதற்குத்தான் காத்திருந்தார்.

மகிழினி கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். போர்வைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

“அம்மா, காலக் காணோம்.”

செல்வராணி போர்வையை விலக்கினாள். “இந்தா இருக்கு பாரு தங்கம்.”

மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலை மகிழினி கிள்ளிப் பார்த்தாள். இன்னும் பலமாகக் கிள்ளினாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“இது என்னுது இல்ல!”

செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகையும் சிரிப்புமாய்க் குலுங்கினாள்.

“ராத்திரிக்குள்ள உணர்வு வந்துரும்மா,” என்றார் பர்வீன். “அதுக்கு முன்னாடியே வலிக்கு மருந்து கொடுத்துடுவோம்.”

அருளப்பன் குனிந்து மகிழினியின் முகத்தைப் பார்த்தார்.

“மேடம்,” என்றார் மெதுவாக. “இவ அழவே இல்லையே.”

பர்வீன் திரும்பி அவரைப் பார்த்தார்.

“ஏன் சார் அழணும்?”