ஏழாவது ஆளின் கண்

பெனாசிருக்கு முப்பத்தொரு வயது. சேலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தன் வீட்டு மாடியறையில் பொம்மைக்கு வர்ணம் பூசக் கற்றுக்கொடுத்தாள்.

பொம்மை என்றால் கடைகளில் விற்கிற விரல் நீள ஆக்‌ஷன் பொம்மைகள். முகமூடி வீரனையோ விண்வெளிச் சிப்பாயையோ வாங்கி, பழைய வர்ணத்தைக் கழுவி, புட்டிப் பசை வைத்து உடம்பைத் திருத்தி, வேறொரு ஆளாக ஆக்கிவிடுவார்கள். விற்பதற்கு இல்லை. அவரவர் வீட்டு அலமாரிக்கு.

அவளிடம் கற்றவர்களில் மூத்தவர் தணிகாசலம். வயது ஐம்பத்தேழு. பல் கட்டிக் கொடுக்கிற லேபில் முப்பது வருஷம் இருந்தவர். யார் வாய்க்கும் நிறம் பார்த்து, பக்கத்துப் பல்லுக்கே தெரியாதபடி பல் செய்வார். மெழுகு செதுக்கும் கருவிகளைப் பொம்மைக்கும் கொண்டுவந்தார். மற்றவர்கள் ஒரு மாதத்தில் கற்றதை அவர் ஒரு காலையில் கற்றார்.

அவர் செய்தது ஒரு கபடி அணி. கல்லூரியில் அவரோடு ஆடிய ஏழு பேர். பனியன், அரைக்கால் சட்டை, முழங்காலில் மண். ஒன்றரை வருஷத்தில் ஆறு பேரைச் செய்து முடித்தார். ஏழாவது அவரே.

அந்தச் சமயத்தில் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதினார். நடுக்கம் குறைந்தது. நிற்கவில்லை. லேபில் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் தணிகாசலமே சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டார்.

பொம்மையை விடவில்லை. உடம்பு, தலைமுடி, பனியன் எல்லாம் எப்படியோ முடித்தார். கண்தான் வரவில்லை. கடுகில் பாதி இடம். வெள்ளை வைத்து, அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வைக்கவேண்டும். வைத்தார். தப்பியது. தின்னரில் துடைத்தார். மறுபடி வைத்தார்.

மூன்று மாதம் இப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்தார். பிறகு பொம்மையை அவள் முன்னால் வைத்தார்.

"டீச்சர், ஒரு உதவி."

"சொல்லுங்க சார்."

"இவனுக்குக் கண்ணு மட்டும் நீங்க போட்டுக் கொடுத்திடுங்க. துடைச்சுத் துடைச்சு இமை தேஞ்சிருச்சு. இன்னொரு வாட்டி துடைச்சா மூஞ்சியே போயிரும்."

பெனாசிர் பொம்மையை எடுத்து லென்ஸுக்கு அடியில் பிடித்துப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மைதான். ஒரு கண்ணில் இமைக்கோடு பாதிதான் மிஞ்சியிருந்தது.

"கடைசியா எப்ப முயற்சி பண்ணீங்க?"

"வியாழக்கிழமை. அப்புறம் தொடலைங்க."

அவள் வெள்ளையை மட்டும் இரண்டு கண்ணிலும் வைத்தாள். காயும்வரை ஊதினாள். பிறகு பொம்மையையும் மெல்லிய தூரிகையையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என் முன்னால ஒரு தடவை போடுங்க."

"வராதுங்க டீச்சர்."

"வராட்டியும் போடுங்க."

தணிகாசலம் இரண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் ஊன்றினார். அவள் கற்றுக்கொடுத்தபடி மூச்சை விட்டார். தூரிகையின் நுனி தனக்கென்று ஒரு வேலை இருப்பதுபோல ஆடியது. தொட்டது.

புள்ளி நடுவில் விழவில்லை. பொம்மையின் இடக்கைப் பக்கமாகக் கண்ணின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"துணியக் கொடுங்க," என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

பெனாசிர் கொடுக்கவில்லை.

"அடுத்த கண்ணுலயும் அதே பக்கம் வைங்க."

"இதே பக்கமா?"

"ஆமா. அதே ஓரம்."

நான்கு முறை தூரிகை அருகே போய்த் திரும்பியது. ஐந்தாவது முறை விழுந்தது. அச்சு அசலாக அல்ல. ஆனால் அதே பக்கம்.

ஏழாவது ஆள் இடப்பக்கம் பார்த்தான்.

தணிகாசலம் தூரிகையைக் கீழே வைத்துக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். "திருட்டு முழி மாதிரி இருக்கு," என்றார்.

"மத்த ஆறு பேரும் எங்க?"

"பையில இருக்காங்க."

அவளே பையைத் திறந்து ஒவ்வொருவராக எடுத்து மேசையில் நிறுத்தினாள். "ஆட்டத்துல எப்படி நிப்பீங்களோ அப்படி நிறுத்துங்க," என்றாள். அவர் நிறுத்தினார். கைகோத்துச் சங்கிலியாக நிற்கிற ஏழு பேர், அரை வட்டமாக. தன்னை ஐந்தாவதாக வைத்தார்.

"உங்களுக்கு இடப்பக்கம் நிக்கிறது யாரு?"

"இருசப்பன். எப்பவும் என் இடக்கை அவன் கையிலதான் இருக்கும்."

"அவரைத்தான் பார்க்கிறீங்க."

தணிகாசலம் குனிந்து பார்த்தார்.

"அது தப்புங்க. எதிர் டீம்ல இருந்து கபடி பாடி வர்றவன் மேலதான் எல்லார் கண்ணும் இருக்கணும். நம்மாளைப் பார்த்துக்கிட்டு நின்னா அவன் தொட்டுட்டுப் போயிருவான்."

"பாடி வர்றவர் எங்க?"

"அவனைச் செய்யலை. எங்க டீம் மட்டும்தான்."

பெனாசிர் தலையாட்டினாள். "இருசப்பன் இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டாள்.

"இங்கதான். செவ்வாப்பேட்டையில அரிசி மண்டி வச்சிருக்கான்."

"போய்ப் பார்ப்பீங்களா?"



"நாலு மாசமாப் பார்க்கலை. போன் பண்ணுவான், எடுக்கிறதில்லை. ஒரு நாள் வீட்டுக்கே வந்துட்டான். நான் உள்ள இருந்துக்கிட்டே சம்சாரத்தை விட்டு, வெளியூர் போயிருக்காருன்னு சொல்லச் சொன்னேன். வாசல்ல என் செருப்பு கிடந்திருக்கு. அதைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்டானாம்."

"ஏன் சார்?"

"போனா டீ வாங்கித் தருவான் டீச்சர். டம்ளரை எப்படிப் பிடிக்கிறது? தணிகாசலம் பிடியிலிருந்து ஒருத்தன் தப்பிச்சதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கிறவன் அவன்."

மேசையில் ஆறு பேர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரே ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. பெனாசிர் அதை எடுத்துத் தரையில் வைத்தாள். இப்போது அவர்கள் எதிரே எதுவும் இல்லை.

தணிகாசலம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறு பேரையும் பையில் வைத்தார். ஏழாவது ஆளின் கண் இன்னும் காயாததால் அவனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கினார். துணி கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு வந்தார். வேட்டியின் முன்பக்கத்தில் துவைத்தும் போகாத ஒரு பழுப்புக் கறை இருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"மண்டிக்குப் போனேன் டீச்சர்."

"எப்ப?"

"நேத்து. அதுக்கு முந்தி ரெண்டு நாள் தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். மூணாவது நாள் அவன் வெளிய நின்னுக்கிட்டிருந்தான். பார்த்துட்டான்."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"செருப்பைப் பத்திக் கேப்பான்னு நினைச்சேன். கேக்கலை. மூட்டை மேல உக்காரச் சொன்னான். டீ வந்துச்சு. எடுத்தேன். பாதி வேட்டியில கொட்டிருச்சு."

பெனாசிர் வேட்டியிலிருந்த கறையைப் பார்த்தாள்.

"என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு டீ சொன்னான். வந்ததுல பாதியைத் தன்னோட டம்ளர்ல ஊத்திக்கிட்டு மீதியை எங்கிட்டக் கொடுத்தான். பாதி டம்ளர்னா கொட்டலைங்க. குடிச்சுட்டு எந்திரிக்கிறப்ப, அடுத்த சனிக்கிழமையும் வாடான்னான். அவ்வளவுதான் பேசினான்."

அவர் பையிலிருந்து ஏழாவது ஆளை எடுத்து மேசையில் நிறுத்தினார். கண்ணின் மேல் வார்னிஷ் பூசியிருந்தது. இனி துடைக்க முடியாது.

"வார்னிஷ் அடிச்சுட்டீங்களா?"

"அடிச்சுட்டேங்க." "ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார்.

"கேளுங்க சார்."

"அன்னைக்கு நான் அவ்வளவு கேட்டேன். உங்களுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. ஏன் போட்டுக் கொடுக்கலை?"

பெனாசிர் பொம்மையை எடுத்து அதன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் போட்டிருந்தா, இவரு நேராப் பார்த்திருப்பாரு சார்."