கடிக்காத எலி

"தாயி, இந்த எலி கடிக்குது. கடிக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

ஆவுடையப்பன் கூண்டை நாச்சியாரம்மாவின் குடில் வாசலில் வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். ஐந்து விரலில் மூன்றுக்குத் துணிக்கட்டு.

அவர் மடத்துச் சமையல்காரர். வயது ஐம்பத்திரண்டு. முந்நூறு பேருக்கு ஒற்றை ஆளாய்ச் சாம்பார் இறக்குகிற கை அது. கைப்பிடி அளவு வெள்ளெலியிடம் தோற்றுப்போய் மலையடிவாரம் வரை நடந்து வந்திருக்கிறார் மனுஷன். சிரிக்காமல் என்ன செய்ய?

நாச்சியாரம்மா சிரிக்கவில்லை. அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனால் தலை நரைத்தவர்களெல்லாம் அவர் முன்னால் தரையில் உட்காருவார்கள். குடிலில் திரிகிற எலிகள் அவர் மடியில் ஏறி நெல் கொறிக்கும்.

"யார் வளர்த்தது, அண்ணாச்சி?"

"என் மக வடிவு. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. அங்க எலிக்கு இடமில்லையாம். 'நான் பொங்கல் லீவுக்கு வரும்போது இது என் கையில ஏறி வரணும்பா'ன்னு சொல்லிட்டுப் போனா. பிள்ளை ஆசையா கேட்ட ஒரே விஷயம் தாயி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாரா."

"இன்னும் ஒன்பது நாள்."

"ஆமா."

அம்மா அவர் கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னைக்கு என்ன நைவேத்தியம்?"

"கொழுக்கட்டை. பிள்ளையார் வாகனமாச்சேன்னு, படைச்ச கையோட நேரா வந்து விரலாலேயே ஊட்டுவேன். கையைக் கழுவ மாட்டேன். பிரசாதம்லா?"

அட மகராசா! வெல்லமும் தேங்காயும் மணக்கிற விரலைக் கம்பிக்குள் விட்டால் எலி கும்பிடவா செய்யும்?

"விரல் எது, கொழுக்கட்டை எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா. "போய்க் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தார். அவசரமாகக் கூண்டின் மேல் மூடியைத் திறந்து கையை இறக்கினார். எலி கீச்சென்று மூலைக்கு ஓடியது.

"மேலிருந்து வர்றதெல்லாம் அதுக்குப் பருந்து," என்றார் அம்மா.

மேல் மூடியைச் சாத்திவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்தார். தன் உள்ளங்கையைக் கூண்டின் தரையோடு தரையாக வைத்தார்.

வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. எலியும் வந்தது. மோந்து பார்த்தது. நறுக்கென்று ஒரு கடி.

ஆவுடையப்பன்தான் "ஐயோ" என்றார். அம்மாவின் கை அசையவில்லை.

எலி ஓடிப்போய்த் திரும்பி வந்தது. கடித்த இடத்தை மறுபடி மோந்தது. பிறகு உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

"இவ்வளவுதானா?" என்றார் அவர்.

"இவ்வளவுதான். கடிச்சாலும் கையை உதறாதீங்க. அடிக்காதீங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"அதை எலிகிட்டதான் கேட்கணும்."

எட்டாம் நாள், வியாழக்கிழமை காலை, ஆவுடையப்பன் வந்தார். முகமெல்லாம் பல்.

"தாயி, ஜெயிச்சாச்சு! இப்ப கடிக்கிறதே இல்ல. பாருங்க."

கூண்டுக்குள் கையை விட்டு எலியைத் தூக்கினார். அது துணிப் பொம்மை மாதிரி தொங்கியது. அதன் வாய்க்குள்ளேயே சுண்டுவிரலை வைத்தார். கடிக்கவில்லை.

"எத்தனை நாள் கையை வச்சு உட்கார்ந்திருந்தீங்க?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டு நாள் உட்கார்ந்தேன். மூணாம் நாளும் கடிச்சுது. எனக்கு அடுப்பு வேலை கிடக்கு, மக வர நாளும் நெருங்குது. அதான்..."

"அதான்?"

"மூக்குல ஒரு சுண்டு. பலமா ஒண்ணும் இல்ல தாயி. ஒரு கடிக்கு ஒரு சுண்டு. மூணே நாள்ல அடங்கிட்டு."

அம்மா எலியை வாங்கிக் கூண்டில் விட்டார். ஊறவைத்த கடலை ஒன்றை உள்ளங்கையில் வைத்து, கையைத் தரையோடு நீட்டினார்.

எலி போய் மூலையில் ஒடுங்கியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. எலி வரவில்லை.

அம்மாவின் கண் கலங்கியது.

"தூக்கிப் பாருங்க," என்றார் அம்மா. "இந்தத் தடவை பல்லைப் பார்க்காதீங்க. நெஞ்சுல விரலை வைங்க."

வைத்தார். கட்டைவிரலுக்கடியில் அந்தச் சின்ன நெஞ்சு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தணிகிற வழியாக இல்லை.

அவர் மெதுவாக எலியைக் கீழே விட்டார்.

"பாவி, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்! நாளைக்கு இது அவ கையில ஏறாதா?"

"நாளைக்கு ஏறாது."

"இனிமேலாவது?"

"தெரியாது, அண்ணாச்சி. கடிக்கிற எலியைப் பழக்கத் தெரியும். இதைப் பழக்க எனக்கும் தெரியாது."

"வடிவு கேட்டா என்ன சொல்லுவேன்?"

"நடந்ததை அப்படியே சொல்லுங்க."

"கோவிச்சுக்கிடுவாளே, தாயி!"

"கோவிச்சுக்கட்டுமே. கோபம் வந்தா என்ன செய்வா?"

ஆவுடையப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

சின்னதில் தட்டைத் தூக்கி எறிவாள். "உன்கூட டூ" என்று கதவைச் சாத்துவாள். அதெல்லாம் பத்து வயது வரை. ஒருநாள் விருந்தாட்கள் முன்னால் எதிர்த்துப் பேசினாள் என்று கன்னத்தில் ஒன்று விட்டார். அடுத்த வாரம் இன்னொன்று. பலமாக ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் கை ஓங்க வேண்டிய அவசியமே வரவில்லை. "எம் மக குணம் தங்கம், ஒரு சொல்லு எதிர்த்துப் பேச மாட்டா" என்று மடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார், எட்டு வருஷமாக.

"அண்ணாச்சி?"

"மாட்டா, தாயி," என்றார். "அவ கோவிச்சுக்க மாட்டா. 'சரிப்பா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிருவா."