நிற்காத நிரல்

“மேடம், நான் எழுதின லைப்ரரி நிரல்ல என்ன குறை?” என்று வேலப்பன் கேட்டார்.

ஹெப்சிபா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேலப்பனைவிட வயதில் இளையவர். ஆனால் அந்தத் திருநெல்வேலி அலுவலகத்தில் அவர் ஒப்புக்கொள்ளாத நிரல் எதுவும் வெளியே போவதில்லை.

“நாளைக்கு மாவட்டத்து ரத்த வங்கிகள் எல்லாத்துலயும் ஏத்தணும். நீங்க சரின்னு சொல்றதுக்குள்ள நம்மூருக்கு மெட்ரோ ரயிலே வந்துரும்.”

“அது என்ன செய்யும் அண்ணாச்சி?”

“குளிர்பெட்டியில எத்தனை டிகிரி இருக்கணும், சூடு ஏறினா யாருக்குப் போன் பண்ணணும்னு ஒவ்வொரு வங்கியிலயும் ஒரு கோப்பு இருக்கும். அதைப் படிச்சு நிரலுக்குச் சொல்லும். இனிமே எந்த நிரலுக்கும் அதைத் தனியா எழுத வேண்டாம். இதைக் கூப்பிட்டாப் போதும்.”

“கோப்பு இல்லைன்னா?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல வேலப்பனின் முகம் மலர்ந்தது.

“அங்கதான் அழகு. எது இல்லையோ, அதுக்கு நான் உள்ளயே எழுதி வச்சதைப் போட்டு லைப்ரரியே நிரப்பிக்கும். நிரல் நிக்கவே நிக்காது.”

ஹெப்சிபா சோதனைக் கணினியில் இருந்த கோப்பை அழித்தார். நிரலைத் தொடங்கினார்.

திரையில் பச்சை எரிந்தது.

“பாத்தீங்களா!”

ஹெப்சிபா சோதனைக்காக மேசைமேல் வைத்திருந்த சிறு குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே வெப்பத்தை அளக்கும் கம்பியை வெளியே இழுத்து, நுனியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

இருவரும் காத்திருந்தார்கள்.

வேலப்பனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தார். பதிவு செய்த குரல் பேசியது. ‘ரத்தம் சூடாகிறது. உடனே கவனிக்கவும்.’

லைப்ரரியை எழுதும்போது சோதித்துப் பார்க்க, நிரப்பும் எண்ணாகத் தன் எண்ணையே போட்டிருந்தார். அப்புறம் அதை மறந்துபோனார்.

“எந்த ஊர் ரத்தம், அண்ணாச்சி?”

வேலப்பன் போனைப் பார்த்தார். அந்தக் குரல் மறுபடி அதையே சொன்னது. ஊர்ப் பெயர் சொல்லவில்லை.

“என் எண்ணை எடுத்துட்டு, வங்கி டாக்டரோட எண்ணைப் போட்டுரட்டுமா?”

“எந்த வங்கி டாக்டர்?”

வேலப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் அழகு என்று சொன்ன பகுதி முழுவதையும் அழித்தார். கோப்பு இல்லாமலே மறுபடி நிரலைத் தொடங்கினார்.

திரை சிவந்தது. ‘எண் இல்லை. யாரை அழைப்பது?’

“நின்னுட்டுது மேடம்” என்றார், மெதுவாக.

ஹெப்சிபா ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.