பெரிய புள்ளியை உற்றுப் பார்த்த கதை

பருத்திக்குறிச்சி கடைத்தெருவில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்த ஆவுடையப்பனையும், அவனுடைய கூட்டாளிகள் தங்கப்பழம், சுடலைமணி இருவரையும் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று இருந்தது. இன்றைக்கு அது யார் முறை என்பதில் மட்டும் அடிக்கடி குழப்பம் வந்துவிடும்.

ஆவுடையப்பனுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். மெத்தைக் கடைக்கு ஆகாத பழக்கம் அது. அவன் ஒரு தும்மல் போட்டால் ஒரு தலையணைக்குரிய பஞ்சு எழும்பித் தெருவைக் கடந்து, எதிர் ஓட்டல் சாம்பார் வாளியில் போய் இறங்கும். அதற்கெல்லாம் அவன் அசரவில்லை. அசந்தது பேச்சியம்மாளிடம்தான்.

பேச்சியம்மாள் பக்கத்து ஊரில் தையல் கடை வைத்திருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஆவுடையப்பன் போட்ட தும்மலில், கேசரியிலிருந்த முந்திரிப்பருப்பு மட்டும் தனியாகக் கிளம்பி அவளுடைய தாய்மாமன் மடியில் விழுந்தது. பேச்சியம்மாள் நேராக வந்து நின்று சொன்னாள்: "பொடி போடுத மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். விட்டுட்டு வரட்டும், பேசிக்கிடலாம்."

அவள் கோபப்பட்ட அழகில் ஆவுடையப்பன் கிறங்கிப்போனான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்து, அந்தச் சந்தோஷத்தில் வாசலுக்கு வந்து ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு பொடியை விட அவன் செய்யாத முயற்சி இல்லை. விட்டபாடு மட்டும் இல்லை. கடைசியில், டவுனில் ஜெயசீலி என்றொரு அம்மா ஹிப்னோதெரபி செய்கிறார், மருந்து மாத்திரை இல்லாமல் பேசியே பழக்கத்தை மாற்றுகிறார் என்று கேள்விப்பட்டு போன் செய்தான்.

"வாங்க, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் ஜெயசீலி. "தொளதொளன்னு சட்டை போட்டுக்கங்க. கவலையெல்லாம் வாசல்லயே விட்டுட்டு உள்ள வாங்க."

எதிர் ஓட்டல் குண்டு பரோட்டா மாஸ்டரிடம் சட்டை இரவல் வாங்கினார்கள். ஆவுடையப்பன் போட்டுப் பார்த்தபோது அது தொளதொளப்பாக இருந்தது. போதுமா என்று சந்தேகம் வந்ததால் தங்கப்பழமும் உள்ளே நுழைந்து பார்த்தான். இரண்டு பேருக்கும் தாராளமாகவே இருந்தது. திருப்தியாகப் புறப்பட்டார்கள்.

வாசலில் வந்து நின்றதும் சிக்கல் ஆரம்பித்தது.

"கவலைய இங்க விடச் சொன்னாவ. நம்ம கவலை எது?" என்றான் ஆவுடையப்பன்.

"பொடி டப்பாதான்" என்றான் தங்கப்பழம்.

"ஏல, பொடி எனக்குச் சந்தோசம்லா? அது எப்படிக் கவலையாகும்?"

சுடலைமணி நன்றாக யோசித்தான். "அண்ணாச்சி, பேச்சியம்மாள் மதினி போட்டோவப் பார்த்தாத்தான நீரு பெருமூச்சு விடுதீரு? அப்ப அதான் கவலை."

ஆவுடையப்பன் பையில் எப்போதும் வைத்திருந்த அந்தப் போட்டோவை எடுத்துச் செருப்புகளுக்குப் பக்கத்தில் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். பிறகு, கவலையை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று ஆவுடையப்பனுக்குப் புதுக் கவலை வந்தது. அதையும் வாசலில் விட வேண்டும் என்று சுடலைமணியைப் போட்டோவுக்குக் காவல் வைத்தார்கள்.

ஜெயசீலி அம்மா நிதானமான மனுஷி. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினார். "இது மந்திரமில்ல. மயக்கமும் இல்ல. நான் பேசறது முழுக்க உங்க காதுல விழும். உங்களுக்கு இஷ்டமில்லாத எதையும் உங்களைச் செய்ய வைக்க என்னால முடியாது. சரியா? கண்ணை மூடுங்க. ஒரு படிக்கட்டுல மெதுவா இறங்கிப் போறீங்க."

"எங்க வீட்டுல படிக்கட்டு இல்லயேம்மா."

"சும்மா நினைச்சுக்கங்க."

"இறங்கினா கிணத்துக்குள்ளதாம்மா போகணும். எனக்கு நீச்சல் தெரியாது."

ஜெயசீலி பொறுமையாக மூச்சு விட்டார். "சரி, படிக்கட்டு வேண்டாம். கடற்கரையில நிக்கிறீங்க. சில்லுன்னு காத்து. அலை வந்து காலைத் தொடுது."

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். கூட உட்கார்ந்திருந்த தங்கப்பழமும் செருப்பு நனைந்துவிடுமே என்று பதறி, செருப்பு வாசலில் இருப்பது நினைவுக்கு வந்ததும் நிம்மதியானான்.

எப்படியோ ஆவுடையப்பன் உடம்பு தளர்ந்து அமைதியானான். ஜெயசீலி தணிந்த குரலில் சொன்னார்: "இனிமே பொடி டப்பாவுக்குப் போனா உங்க கை கனக்கும். கல்லு மாதிரி கனக்கும். எடுக்கத் தோணாது."

அப்படியே ஆயிற்று. கடைக்குத் திரும்பி டப்பாவைத் தொடப்போன கை, அம்மிக்கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இறங்கிவிட்டது. மூன்று பேரும் பிரமித்துப்போனார்கள்.

"கைதான கனக்கு" என்றான் தங்கப்பழம். "மூக்கு கனக்குதா?"

"இல்லயே."

"அப்ப நீட்டும்."

அன்று முதல் தங்கப்பழம்தான் டப்பாவைத் திறந்து சிட்டிகை எடுத்து ஆவுடையப்பன் மூக்கில் வைத்தான். ஜெயசீலி அம்மாவின் சொல்லை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த தடவை போனபோது இதைப் பெருமையாகச் சொன்னார்கள். ஜெயசீலி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "விடணும்னு மனசு உங்களுக்கே வரணும்ங்க. நான் வெளியிலேருந்து கொண்டுவந்து ஒட்ட முடியாது."

அப்போது சுடலைமணி கேட்டான். "நாங்களும் உங்கள மாதிரி ஆகணும்னா என்ன செய்யணும்மா?"

"முறையா படிக்கணும். தெரிஞ்சவங்க கண்காணிப்புல நிறையப் பழகணும். வர்றவங்க சொல்றதை முதல்ல கேட்கத் தெரியணும்." அந்த அம்மா எழுந்து கதவைத் திறந்துவிட்டபடியே தொடர்ந்தார். "குரலைத் தாழ்த்திப் பேசணும். ஒரு புள்ளியை உத்துப் பார்க்கச் சொல்லணும். ஆளைக் கீழே இறக்கினா எண்ணி மேலே ஏத்திக் கொண்டு வரணும். பாதியில விட்டுடக் கூடாது."

பஸ்ஸில் வரும்போது படிப்பு, பழக்கம், கண்காணிப்பு மூன்றும் ஜன்னல் வழியாகப் போய்விட்டன. மிச்சம்தான் ஊர் வந்து சேர்ந்தது.

"நாம விக்கிறதே ஆளைத் தூங்க வைக்கிற சாமான்" என்றான் சுடலைமணி. "பாதிப் படிப்பு முடிஞ்சாச்சு. அண்ணாச்சிய நாமளே பார்த்துருவோம்."

"குரலைத் தாழ்த்தணும்னாவளே?"

"அதுக்கென்ன, நான் கட்டிலுக்கு அடியில படுத்துப் பேசுதேன். அதுக்கு மேல தாழ்த்த முடியாது."

"புள்ளி?"

இங்கே மூவரும் தயங்கினார்கள். "நம்ம ஊருல பெரிய புள்ளின்னு யாரு இருக்கா?" என்றான் தங்கப்பழம். "எல்லாம் சில்லறைப் புள்ளியா இருக்கானுவ."

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் வன்னியப்பெருமாள். அரிசி ஆலை முதலாளி, சுற்றுவட்டாரத்துக்கே பெரிய புள்ளி, பேச்சியம்மாளுக்குத் தாய்மாமன், முந்திரிப்பருப்பை மடியில் வாங்கியவர். மாப்பிள்ளை பொடியை விட்டானா என்று பார்க்க, ஒரு கறிவிருந்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்.

"புள்ளியே வந்துட்டு!" என்று தங்கப்பழம் கத்தினான்.

அவரை வாய் திறக்க விடவில்லை. இருக்கிற மெத்தைகளிலேயே உசத்தியானதைக் கட்டிலில் போட்டு உட்கார வைத்தார்கள். ஆவுடையப்பன் எதிரே சம்மணம் போட்டு அவரைக் கண்கொட்டாமல் பார்த்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து சுடலைமணியின் குரல் தாழ்வாக வந்தது: "இறங்குதீரு... இன்னும் இறங்குதீரு... பத்து... ஒம்பது..."

வன்னியப்பெருமாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை இப்படிப் பக்தியோடு தன்னைப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஆலை மோட்டார் சத்தத்தில் நல்ல தூக்கம் கண்டு அவருக்கு வருஷக்கணக்காகியிருந்தது. வயிற்றில் கறிவிருந்து, முதுகுக்குக் கீழே இலவம்பஞ்சு. அப்படியே சரிந்து குறட்டை விட ஆரம்பித்தார்.

ஆவுடையப்பன் பதறி எழுந்தான். "ஏல, நான் தூங்கணும். இவிய தூங்கிட்டாவ!"

"ஆள் மாறி இறங்கிட்டாரு" என்றான் சுடலைமணி, தலையை வெளியே நீட்டி. "நான் அண்ணாச்சியைத்தான் இறக்குனேன். நடுவுல இவரு ஏறி, இல்ல, இறங்கிட்டாரு."

"எண்ணி மேல ஏத்து!"

"எந்தப் படியில நிக்காருன்னு தெரிய வேண்டாமா? நான் பாட்டுக்கு ஒண்ணுலேருந்து எண்ணி, அவரு நடுப்படியில நின்னா, காலு இடறி விழுந்துர மாட்டாரா?"

ஆவுடையப்பன் கண் கலங்கிவிட்டது. பேச்சியம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது? உங்க மாமாவைப் படிக்கட்டில் தொலைத்துவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது?

"யாராச்சும் இறங்கிப் போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்" என்றான் தங்கப்பழம்.

அதுதான் நியாயம் என்று மூன்று பேரும் ஆளுக்கொரு மெத்தையில் படுத்துத் தூங்கப் பார்த்தார்கள். பயத்தில் ஒருவனுக்கும் தூக்கம் வரவில்லை. "இறங்கிட்டியா?" "இல்ல, நீ?" "நான் வாசல்லயே நிக்கேன்" என்று பேசிக்கொண்டே கிடந்தார்கள்.

சாயங்காலம் வன்னியப்பெருமாள் தானாக எழுந்து சோம்பல் முறித்தார். முகம் மலர்ந்திருந்தது. "ஆகா! இப்படித் தூங்கி எத்தன காலமாச்சு! மாப்பிள்ளே, எனக்குச் சம்மதம். பேச்சிய உமக்கே தாரேன்."

ஆவுடையப்பன் சந்தோஷத்தில் குதிக்கப்போனான். சுடலைமணி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "அண்ணாச்சி, நாம இன்னும் எண்ணலயே. இவரு தூக்கத்துல பேசுதாரு."

ஆவுடையப்பன் முகம் சுருங்கியது. துக்கத்தை அடக்கிக்கொண்டு சொன்னான்: "மன்னிக்கணும் மாமா. தூக்கத்துல சொன்ன சம்மதம் எனக்கு வேண்டாம். முழிச்சபொறவு சொல்லுங்க."

"நான் முழிச்சுத்தான்டே இருக்கேன்!"

"பாத்தீரா, அவருக்கே தெரியல" என்றான் தங்கப்பழம் பரிதாபமாக.

அவர் எழுந்து நடந்தார். தூக்கத்தில் நடக்கிறார் என்றார்கள். கத்தினார். பயங்கரக் கனவு என்றார்கள். கடைசியில் ஜெயசீலி அம்மாவுக்கே போன் போட்டு விவரம் சொன்னார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் நல்லா முழிச்சிருக்கார். முழிச்சுக்க வேண்டியது நீங்கதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.



"அப்ப நாமதான் தூங்குதோமா?" என்றான் ஆவுடையப்பன்.

"எனக்கு ஆரம்பத்துலேருந்தே சந்தேகம்" என்றான் சுடலைமணி.

மூன்று பேரும் வன்னியப்பெருமாள் காலில் விழுந்து, தங்களை எப்படியாவது மேலே ஏற்றிவிடும்படி கெஞ்சினார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினார். மூவரும் கண்ணைத் திறந்து, கடையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து, எல்லாம் வைத்த இடத்தில் இருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டார்கள்.

"இப்ப கேளும் மாப்பிள்ளே. பொடிய விட்டாச்சா?"

"என் கை அதத் தொட்டே ரொம்ப நாளாச்சு மாமா."

"நான்தான் போடுதேன்" என்றான் தங்கப்பழம்.

வன்னியப்பெருமாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பொடி போடுதவன் நீயா?"

"ஆமா."

"மாப்பிள்ளை நீயா?"

"இல்ல."

"பொறவு எனக்கென்ன?" என்று அவர் காரில் ஏறினார். அந்த மெத்தையையும் ஏற்றிக்கொண்டார்.

மாமா வந்து சொன்ன கதையைப் பேச்சியம்மாள் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். "அந்தத் தங்கப்பழத்தப் பஞ்சு வாங்கப் போடிக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றாள். தங்கப்பழம் போனான். பஸ் மாறி ஏறி ஊர் ஊராகச் சுற்றி, அவன் திரும்பி வந்து சேர்வதற்குள் பஞ்சு சீசனே முடிந்துவிட்டது. ஆவுடையப்பனின் கையோ டப்பாவைத் தொட வராது. வேறு ஆளிடம் மூக்கை நீட்டக் கூச்சம். அவள் முகம் வேறு கண்ணுக்குள்ளேயே நின்றது. பொடி வேண்டும் என்ற எண்ணமே ஒரு நாள் காணாமல் போய்விட்டது. சுகமாகத் தும்மாமல் இருந்தான்.

கல்யாணம் விடிகாலை முகூர்த்தம். மணமேடையில் தாலியைக் கையில் வாங்கியதும் ஆவுடையப்பனுக்குத் திடீரென்று பயம் வந்தது. இவ்வளவு நல்லது நமக்கு நடக்குமா? ஒருவேளை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறோமோ? எதற்கும் எல்லோரையும் ஒரு தடவை எண்ணி மேலே ஏற்றிவிடச் சொல்லிச் சுடலைமணியிடம் கண்ணைக் காட்டினான்.

சுடலைமணி மைக்கை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் படுத்தான். சபை முழுவதும் கண்ணை மூடும்படி தாழ்வாகக் கேட்டுக்கொண்டான். பிறகு பதற்றத்தில் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணிவிட்டான். விடிகாலைப் பனி, கண்விழித்து வந்த கூட்டம். முதலில் நாயனக்காரர் சாய்ந்தார். ஐயர் அக்கினிக்கு முன்னால் ஆடி ஆடி அடங்கினார். வன்னியப்பெருமாளின் குறட்டை மைக்கில் கேட்டது. மாப்பிள்ளை மாலையோடு ஒரு பக்கமாகக் கவிழ்ந்தான்.

இஷ்டமில்லாததைச் செய்யாத பேச்சியம்மாள் மட்டும் முழித்திருந்தாள். சுற்றிலும் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் தாலியோடு தூக்கிப் பிடித்து, அவற்றைக் கொண்டே தன் கழுத்தில் மூன்று முடிச்சையும் போட்டுக்கொண்டு, பந்திக்குப் போய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறிய பிறகு ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தான்.

"கல்யாணம் முடிஞ்சுட்டா?" என்றான் திடுக்கிட்டு.

"முடிஞ்சுட்டு."

"நான் வந்திருந்தனா?"

"வந்திருந்தீய."

ஆவுடையப்பன் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "மாப்பிள்ளை எப்படி?"

பேச்சியம்மாள் யோசித்துச் சொன்னாள்: "பரவாயில்ல. ரொம்பப் பேசல."