புடலைப் பந்தலும் மில் சங்கும்

"சாமி, எனக்கு மட்டும் ஏனுங்க மேஸ்திரி வேலை குடுக்க மாட்டேங்கறாங்க?"

பொங்கியண்ணன் இதைக் கேட்டபோது சாமி மடத்துத் தோட்டத்தில், புடலைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

மடத்துத் துறவியான சாமிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பொங்கியண்ணன் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். சாமி அவனை அண்ணா என்பார், அவன் சாமியைச் சாமி என்பான். இதில் இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. ஊர்தான் சிரிக்கும், மீசை சரியாக முளைக்காத ஆளிடம் போய் இவன் என்னத்தைக் கேட்கிறான் என்று. ஊருக்கு எதற்குத்தான் சிரிப்பு வராது!

"எந்த வேலையிலங்ணா?" என்றார் சாமி, தலையைத் தூக்காமல்.

"ரெண்டுலயுந்தானுங்க."

பொங்கியண்ணனுக்கு இரண்டு வேலை. விடியும் முன்பே காய்கறி மண்டிக்குப் போய் மதியம் வரை லாரியிலிருந்து மூட்டை இறக்குவான். அங்கிருந்து நேராக ஆற்றுக்கு அந்தப் பக்கம் நூல்மில்லுக்குப் போய் இரண்டாம் ஷிப்டில் மிஷின் ஓட்டுவான். ஒரு வேலையில் வீடு ஓடவில்லை. மில்லில் மேஸ்திரி ஆகிவிட்டால் ஓடும். மண்டியை விட்டுவிடலாம், தோளுக்கும் விடுதலை.

ஆனால் மேஸ்திரி இடம் காலியாகும்போதெல்லாம் அவனுக்குப் பின்னால் சேர்ந்தவன் எவனாவது மேஸ்திரி ஆனான்.

"மண்டியில மூட்டை எறக்கற ஆளுகளுக்குக் கொத்துக்காரன் ஆக்குங்கன்னு கேட்டா, நீ கணக்கு முடியறதுக்குள்ள மில்லுக்கு ஓடிர்றேங்கறாங்க. மில்லுல மேஸ்திரி ஆக்குங்கன்னு கேட்டா, நீ சங்கு ஊதி அரை மணி கழிச்சு வர்றேங்கறாங்க. அங்க சீக்கிரம் போறவன், இங்க நேரங்கழிச்சு வர்றவன். நான் என்னதானுங்க பண்றது?"

"மில்லுல யாரு சொன்னாங்க?"

"மேனேஜருங்க. 'வேலை சுத்தமாத்தான் இருக்குது, நேரத்துக்குத்தான் வர மாட்டேங்கற'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கொஞ்சம் வேலை சேந்துபோச்சுங்கன்னு சொன்னேன்."

"தினமுமா சேருது?"

"தினமும் சேருதுங்களே! ஊட்டி லாரின்னு ஒண்ணு எல்லாம் முடிஞ்சப்பறம் வருமுங்க. அதையும் எறக்கிட்டுப் போயிரலாம்னு நிப்பேன். இன்னிக்கு அது வழியில பஞ்சராகி நின்னுபோச்சு. அதனாலதான் உங்களைப் பாக்கவே நேரங் கெடச்சுது."

சாமி ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

பொங்கியண்ணனுக்குத் தன் பக்க நியாயம் இன்னும் முழுதாகச் சொல்லி முடியவில்லை.

"என்னால மில்லுக்கு ஒரு நட்டமும் கெடையாதுங்க. நான் எவ்வளவு நேரங்கழிச்சுப் போனாலும் என்ற மிஷின் ஓடிட்டுத்தான் இருக்கும். ஒரு நாளும் நின்னதில்ல."

சாமி இப்போது நிமிர்ந்தார்.

"ஆளே இல்லாமயா ஓடுது?"

"முன் ஷிப்டு ஆளு பாத்துக்குமுங்க."

"ஓ."

"அதை விடுங்க சாமி. வேலை கெடைக்கறதுக்கு ஏதாச்சும் மந்திரம் இருந்தா சொல்லிக் குடுங்க. ரொம்ப வருசமாக் கேக்கறனுங்க."

"இருக்குதுங்ணா. சொல்றேன். அதுக்கு முன்னால இதக் கொஞ்சம் புடிங்க."

பந்தலின் மூலைக் காலை அடியில் கரையான் அரித்திருந்தது. சாமி அதைப் பிடுங்கி எறிந்தார். பந்தல் அந்தப் பக்கமாகச் சாய, பொங்கியண்ணன் பாய்ந்து தோளைக் கொடுத்தான். மூட்டை தூக்குகிற தோள். பந்தல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

"இதா வந்தர்றனுங்ணா" என்று சொல்லிவிட்டுச் சாமி மடத்துக்குள் போனார்.

போனவர் போனவர்தான்.

கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் துணி அலசுகிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

"சாமி!"

"வந்துட்டே இருக்கறனுங்ணா!"

வாயில் சோறு இருக்கிற குரல் அது.

மூட்டையென்றால் நடந்து போய் இறக்கிவிடலாம். இது இறக்க முடியாத மூட்டை. கழுத்து பிடித்துக்கொண்டது. எறும்பு ஒன்று முதுகில் ஏறித் தன் இஷ்டத்துக்குச் சுற்றிப்பார்த்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தலைக்கு மேல் பிஞ்சும் பூவுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விட அவனுக்கு மனம் வரவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மில் சங்கு ஊதியது. அதற்குப் பிறகும் நெடுநேரம் நின்றான்.

சாமி ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் வேலை சேந்துபோச்சுங்ணா."

பொங்கியண்ணனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஏனுங்க சாமி, நான் இங்க நிக்கறேன்னு உங்களுக்கு நெனப்பே இல்லீங்களா? எனக்குச் சோலி இல்லீங்களா? நான் போக வேண்டாமுங்களா?"

"பந்தல் சாஞ்சிருச்சா?"

"இல்ல."

"ஒரு காயாச்சும் விழுந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்னங்ணா! ஒரு நட்டமும் இல்லையே."

வேலியோரம் கிடந்த புதுக் கட்டை ஒன்றை எடுத்து வந்து சாமி பந்தலுக்கு முட்டுக் கொடுத்தார். அந்தக் கட்டை காலையிலிருந்தே அங்கேதான் கிடந்தது.

பொங்கியண்ணன் கும்பிடக்கூடச் செய்யாமல் தன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினான்.

*

மில் வாசலிலேயே மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார். பொங்கியண்ணனுக்குப் பின்னால் சேர்ந்த மேஸ்திரி.

"இன்னிக்கு உங்க மிஷினுக்குப் பதிலி ஆளைத் தேடிப் போட்டாச்சுங்ணா. நாளைக்கு வாங்க."

ஒரு நாள் வேலை போயிற்று. நல்ல மந்திரம் இது என்று சாமியை மனதுக்குள் திட்டிக்கொண்டு அவன் மொபெட்டைத் திருப்பினான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து தெய்வாத்தாள் ஓடிவந்தாள்.

முன் ஷிப்டில் அவனுடைய மிஷினை ஓட்டுகிறவள். வருஷக்கணக்காக இரண்டு பேரும் ஒரே மிஷினைக் கை மாற்றிக்கொள்கிறார்கள், ஆனால் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. அவன் தலை தெரிந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓடிவிடுவாள். அவளுக்கு ஓடுகிற சுபாவம் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

தெருமுனைக்கு அவள் ஓடிச் சேர்வதற்குள் டவுன் பஸ் புறப்பட்டுவிட்டது. அவள் அதைத் திட்டவில்லை, கையைக் காட்டவுமில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அது போன பாதையில் நடக்க ஆரம்பித்தாள்.

பொங்கியண்ணன் பக்கத்தில் போய் வண்டியை நிறுத்தினான்.

"ஏறிக்க அம்மணி. எங்க போகோணும்?"

"வேண்டாமுங்ணா. வேகமா நடந்தாப் போயிருவேன்."

"எங்கேன்னு சொல்லு."

"லேடீஸ் ஹாஸ்டலுக்குங்க. அங்கதான் சாயங்காலம் சமையல் பண்றேன்."

"இது எத்தனை நாளா?"

"மில்லுல சேந்ததுல இருந்தேங்ணா. ஒரு வேலையில எங்கீங்க ஓடுது?"

அவள் தயங்கிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அவன் கேட்டான்.

"தினமுமா இப்படி ஓடற?"

"தினமும் இல்லீங்ணா. உங்களுக்கு லீவுன்னா ஓட மாட்டேன்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பொங்கியண்ணனுக்கு எதிரே வந்த ரோடு சரியாகத் தெரியவில்லை.

ஹாஸ்டல் வாசலில் வார்டன் அம்மா நின்றிருந்தார். தெய்வாத்தாள் இறங்கி உள்ளே ஓடப் பார்த்தாள்.

"நில்லு தெய்வாத்தா. உன்ற வேலை சுத்தமாத்தான் இருக்குது, நேரத்துக்குத்தான் வர மாட்டேங்கற. உள்ள அடுப்புப் பத்த வைக்க ஆளில்ல. தலைமைச் சமையலுக்கு உன்னைத்தான் நெனச்சிருந்தோம். இப்ப வேற ஆளைப் பாக்கச் சொல்லீட்டாங்க."

தெய்வாத்தாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பொங்கியண்ணன் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். அவள் கையை நீட்டி, இதோ இவரால்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது முழு உண்மை.

"மில்லுல கொஞ்சம் வேலை சேந்துபோச்சுங்கம்மா" என்றாள்.

அவள் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது.

பொங்கியண்ணனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும் போலிருந்தது. வண்டியைக் கிளப்பத் தோன்றாமல் நெடுந்தூரம் தள்ளிக்கொண்டே போனான்.

*

அவன் தோட்டத்துக்குள் வந்தபோது சாமி புதுக் கட்டைக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பொங்கியண்ணன் கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

"இவ்வளவு ஆழம் பத்தாதுங்க சாமி."

"நீங்க சொன்னாச் சரி."

அவன் தோண்டினான். காலை நட்டான். சுற்றிலும் கல்லைப் போட்டு மண்ணைத் தள்ளி மிதித்தான்.

"கோவம் போயிருச்சுங்களா?" என்றார் சாமி.

"இல்லீங்க."

"யாரு மேல?"

பொங்கியண்ணன் மண்ணை இன்னும் இரண்டு மிதி பலமாக மிதித்தான்.

"மந்திரம் கேட்டீங்களேங்ணா?"

"இப்ப வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

*

"முதலாளி, ஊட்டி லாரிக்கு இன்னிக்கில இருந்து வேற ஆளைப் போட்டுக்குங்க."

மண்டி முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஏன்டா பொங்கியா, அதுலதானே உனக்கு நாலு காசு சேத்தி வருது?"

"ஆமாங்க."

"கொத்துக்காரன் ஆகோணும்னு தொங்கிட்டுத் திரிஞ்சியே, அதையும் மறந்துர வேண்டியதுதான்."

"மறந்துட்டனுங்க."

"மில்லுல மேஸ்திரி ஆக்கறேன்னு சொல்லீட்டாங்களாக்கும்?"

"இல்லீங்க."

முதலாளி அவனைப் பித்துப் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பொங்கியண்ணன் தோள் துண்டை உதறினான். லாரி வரும் தெருவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். பார்த்தால் கால் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

மில்லுக்குள் அவன் நுழைந்தபோது தெய்வாத்தாள் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"ஏனுங்ணா? ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு முடியலீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி. தள்ளு, நான் பாத்துக்கறேன்."

"இன்னும் சங்கே ஊதலீங்களே?"

"ஊதும்."

அவள் ஒதுங்கி நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் தலைத்துண்டை அவிழ்த்தாள், மடித்தாள், மறுபடியும் உதறினாள். சங்கு ஊதியது. ஷிப்டு தொடங்கும் அந்தச் சங்கைப் பொங்கியண்ணன் மிஷின் பக்கத்தில் நின்று கேட்டதேயில்லை. காதை அடைத்தது.

தெய்வாத்தாள் மற்ற பெண்களோடு சேர்ந்து நடந்து போனாள். வாசல்வரைக்கும் நடந்தவள், அப்புறம் பழக்கதோஷத்தில் ஓடினாள்.

*

பின்னொரு நாள் மண்டியிலிருந்து மில்லுக்குப் போகிற வழியில் பொங்கியண்ணன் மடத்துக்கு வந்தான். பந்தல் காலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"மேஸ்திரி வேலை என்னங்ணா ஆச்சு?"

"மேனேஜர்கிட்ட நானே போய்க் கேட்டனுங்க. இத்தனை நாளு லேட்டு, இப்பக் கொஞ்ச நாளா நேரத்துக்கு வர்றே, இதை நம்பி எப்படிக் குடுக்கறதுன்னாரு. தை வரைக்கும் பாக்கறேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லாப் பாருங்கன்னு சொன்னனுங்க."

சாமி சிரித்தார்.

"தையிலயும் குடுக்கலீன்னா?"

"அப்பவும் கேப்பனுங்க. குடுக்கற வரைக்கும் கேப்பேன். ஊட்டி லாரிப் பக்கம் மட்டும் போக மாட்டேன்."

"அந்த முன் ஷிப்டு ஆளுக்கு என்னாச்சு?"

"அந்த அம்மணி ஒரு ஹாஸ்டல்ல சமையல் பண்ணுதுங்க. தலைமைச் சமையலுக்கு அங்க இன்னும் ஒண்ணும் முடிவு சொல்லலீங்க. ஆனா, இப்பெல்லாம் அவளுக்கு பஸ் கெடைக்குதுங்க."

சாமி கையைக் கழுவிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பந்தலுக்கு அடியில் விரித்தார்.

"உக்காருங்ணா. ரொம்ப வருசமா ஒரு மந்திரம் கேட்டுட்டு இருந்தீங்களே, அதை இன்னிக்குச் சொல்லிர்றேன்."

பொங்கியண்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. துண்டின் மேல் உட்காரப் போனவன், பந்தல் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தான்.

"இன்னொரு நாளைக்குச் சொல்லுங்க சாமி" என்று வண்டியை உதைத்தான். "அங்க ஒரு ஆளு நிக்குது."