வெடுக்கி குறுக்கே ஓடிய கதை

அந்தக் காலத்தில், மணலுக்கும் ஒளிக்கும்கூட வாய் இருந்தபோது, மணலிலிருந்து எடுத்த சிலிக்கானில் செய்த இரண்டு தகடுகள் மேலும் கீழுமாக இருந்தன. மேல் தகட்டில் வெடுக்கி என்றொரு எலெக்ட்ரான் குடியிருந்தாள். உண்மைப் பெயர் வேறு. ஊர் வைத்த பெயர்தான் நின்றது. அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்காரச் சொன்னால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் நிற்பாள்.

தகடுகளுக்குக் கீழே, தூரத்தில், மோதல் மேடை. அங்கே துகளும் துகளும் முட்டிக்கொள்ள, புதிது புதிதாகப் பயணிகள் பிறந்து நாலாபக்கமும் பறப்பார்கள். தகட்டைக் கடக்கும் பயணி, வழியில் இருக்கும் எலெக்ட்ரான்களைத் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போவான். தட்டு வாங்கியவர்கள் எழுந்து, தகட்டின் ஓரம் வரிசையாக இருக்கும் வாசல்களில் அவரவருக்கு நேரே உள்ளதற்கு ஓடி, வாசல்காரரிடம் "இந்தப் பக்கமாப் போனாரு" என்று சொல்ல வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். வாசல்களில் கூடும் கூட்டத்தின் நடு எதுவோ அதுவே பயணி போன இடம். இரண்டு தகடும் சொன்ன இடங்களைச் சேர்த்துக் கோடு இழுத்தால், அது அவன் பிறந்த இடத்தில் போய் நிற்கும்.

ஒருநாள் மியூவான் என்ற பயணி வந்தான். கீழ்த் தகட்டைக் கடக்கும்போதே பேசிக்கொண்டு வந்தான். அதற்குக் காது கொடுத்தவள் வெடுக்கி ஒருத்திதான்.

"என் வழியச் சரியாச் சொல்லிடுங்க. நான் மேடையில பொறந்தவன் இல்ல. எங்கம்மாதான் அங்க பொறந்தா. மயிரிழை தூரம் போறதுக்குள்ள மறைஞ்சுட்டா. அவ மறைஞ்ச எடத்துல நான் பொறந்தேன். அந்த மயிரிழைதான் அவ ஆயுசு. கோடு அங்க போய் நின்னாத்தான் அப்படி ஒருத்தி இருந்தாள்னு தெரியும்."

"கொஞ்சம் நின்னு நீங்களே சொல்லிட்டுப் போங்கண்ணே" என்றாள் வெடுக்கி.

"எங்க கொலத்துல நிக்கிறதும் கெடையாது, திரும்பறதும் கெடையாதும்மா."

வெடுக்கிக்கு மனசு கேட்கவில்லை. தாயில்லாப் பிள்ளை இப்படிக் கெஞ்சுகிறானே, தோளில் தட்டுகிற அந்தத் தட்டு எந்த மூலைக்கு? வாசலில் இருப்பவர்கள் காதில் அது விழவே விழாமல் போனால்? தானே ஓடி எல்லா வாசலிலும் சொல்லிவிட்டால் என்ன? யோசித்து முடிக்கட்டும் என்று அவள் கால் காத்திருக்கவில்லை. மற்றவர்கள் தோளைக் காட்டி நிற்க, அவள் நேரே அவன் மார்பில் போய் மோதினாள்.

அவன் அசையக்கூட இல்லை. தன் வழியே மேலே போய்விட்டான். அவள்தான் பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டாள். அவனிடம் வாங்கிய வேகத்தில் தகட்டுக்குக் குறுக்கே பறந்தாள். நிற்க நினைத்தும் முடியவில்லை. வழியில் இருந்தவர்களை எல்லாம் இடித்துத் தள்ளினாள். வேகம் குறையக் குறைய ஒவ்வோரிடத்தையும் கடக்க நேரம் கூடி, இன்னும் அதிகம் பேரை இடித்தாள். இடிபட்டவர்களோ வழக்கம் தவறாதவர்கள். இடித்தது யார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தார்கள், அவரவர் வாசலுக்கு ஓடினார்கள், "இந்தப் பக்கமாப் போனாரு" என்று ஒப்பித்தார்கள்.

வெடுக்கி ஓய்ந்துபோய்த் தட்டுத்தடுமாறி வாசலுக்கு வந்தாள். வாசல்காரர் கோட்டையப்பர் வேலையை முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கூட்டம் இந்தக் கோடி வரைக்கும் நிக்குது. நடுவாப் பாத்து எடத்தச் சொல்லியாச்சு" என்றார்.

"மாமா, இந்தப் பக்கம் அவரு வரவே இல்ல. இது நான் ஓடின தடம்."

"வாசல்ல வந்து நின்னா நீயும் ஒண்ணுதான், அவங்களும் ஒண்ணுதான். எனக்கு எப்படித் தெரியும்?"

"அவரையே கேளுங்களேன்."

"அவரு எங்கம்மா இருக்காரு?"

மேல் தகடு சொன்ன இடம் தள்ளிப்போனதால் கோடு சாய்ந்தது. சாய்ந்த கோடு நேரே மோதல் மேடையில் போய் விழுந்தது. இவனும் மேடையில் பிறந்த கூட்டத்தில் ஒருவன்தான் என்று கோடு இழுப்பவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். நடுவில் ஒரு தாய் இருந்தாள் என்பதே இல்லாமல் போனது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள் என்று ஊரே ஏசியது. ஏச்சு அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கோ போய்க்கொண்டிருக்கும் அவன், அம்மா இருந்த இடம் இந்நேரம் தெரிந்திருக்கும் என்று நிம்மதியாகப் போவானே, அதை நினைத்துத்தான் அழுதாள்.

அன்று முதல்தான், ஒன்றிரண்டு தகடுகளின் சொல்லை மட்டும் நம்பாமல் பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஒரு தகட்டில் கூட்டம் அகலப் பரவி நின்றால், உள்ளே ஒருத்தி குறுக்கே ஓடியிருக்கிறாள் என்று சந்தேகப்படுகிறார்கள். அதன்பின் எத்தனையோ தாய்மார்களின் மயிரிழை ஆயுளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மியூவானின் அம்மாவை மட்டும் தேடக்கூட ஆளில்லை. அவள் இருந்தது, திரும்பி வராத அவனையும் வெடுக்கியையும் தவிர யாருக்கும் தெரியாது.