வெயில் பார்க்காத கேழ்வரகு

ஒரு காட்டின் ஓரத்தில், ஓடை திரும்புகிற இடத்தில், செம்பி என்றொரு மந்தி கேழ்வரகு போட்டிருந்தது, குழந்தைகளே. கோடையில் அங்கே மரங்களில் ஒரு பழம் மிஞ்சாது. கேழ்வரகு விளைந்தால்தான் செம்பியின் குட்டிக்குச் சாப்பாடு. அந்தக் குட்டியோ, ஒரு வயதாகியும் தாயின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

பயிர்மேலும் செம்பிக்கு அதே பாசம். காலையும் மாலையும் சுரைக்குடுவையில் தண்ணீர் ஊற்றியது. வெயில் ஏறினால் தேக்கிலை பரப்பி நிழல் கட்டியது.

பக்கத்துப் பாத்தி உடும்பினுடையது. கறாரான ஆள். நாற்றின் நுனி துவளும்வரை தண்ணீர் காட்டாது, துவண்டதும் ஊற்றும்.

"உங்களுக்கு மனசு கல்லா, உடும்பண்ணே? பச்சைப்பிள்ளை வாடுது, வேடிக்கை பார்க்கிறீங்களே!"

"வேடிக்கை இல்லை தங்கச்சி. குடுவையோடதான் நிற்கிறேன்."

வேரடியிலிருந்து மண்புழு தலை நீட்டியது. "அம்மா, கொஞ்சம் வாடினால்தான் பயிர் தனக்குள்ளே காப்புப் புரதம் செய்துக்கும். சூட்டில் மற்ற புரதங்கள் உருக்குலையாம அதுதான் பிடிச்சுக்கும். உங்க பயிருக்கு அந்த வேலையே வரலை."

"வெயிலே பார்க்காத நீ வெயிலைப் பற்றிப் பேசுறியா? போ, போய் மண்ணைத் தின்னு!"

பங்குனி பிறந்தது. ஒரே வாரத்தில் ஓடை வற்றியது. மலைச்சுனைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர செம்பிக்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. அன்று பார்த்து அனல்காற்று வீசி, தேக்கிலைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு போனது.

சாயங்காலம் வந்து பார்த்தால், உடும்பின் பயிர் இலையைச் சுருட்டிக்கொண்டு, நிறம் மங்கி, ஆனாலும் நின்றுகொண்டிருந்தது. செம்பியின் பயிர் காய்ந்த வைக்கோலாய்க் கிடந்தது. சுனைத் தண்ணீர் முழுவதையும் செம்பி அதன்மேல் ஊற்றியது. ஒரு தாள்கூட நிமிரவில்லை.

"இன்னும் ஒரு குடுவை கொண்டுவரட்டுமா?"

"வேண்டாம் அம்மா," என்றது மண்புழு.

"ஒரு நாள்கூட நான் வாட விடலையே அண்ணே!"

உடும்பு தலையைக் குனிந்துகொண்டது. "விளையறதில் பாதி உன் குட்டிக்கு."

செம்பி தன் இடுப்பைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, சூடு ஆறாத மணலில் குட்டியை இறக்கிவிட்டது. குட்டி வீறிட்டது. செம்பி அழுதுகொண்டே நாலடி தள்ளிப் போய், கையை நீட்டியபடி நின்றது.

நீதி: சின்ன வாட்டத்தைத் தாங்கவிடாத அன்பு, பெரிய வாட்டம் வரும்போது காப்பாற்றாது.